புடலங்காயில் படித்த மண்புழு

கோமுவை நான் விரட்டிவிட்டேன் என்று எந்த வாய் சொன்னது? எதிர்வீட்டு நாறும்பூநாதன் பெண்சாதிதானே? "மண்புழுவை நோண்டி நோண்டி மருமகளுக்கு மூளை கலங்கிட்டு, மாமியா பிடிச்சு வெளிய தள்ளிட்டா" என்று படித்துறை முழுக்கச் சொல்லித் திரிகிறாளாம். நடந்ததை நான் சொல்கிறேன்.

கோமு முக்கூடல்காரி. என் மகன் முத்துசுப்பிரமணியனைக் கட்டி வந்தபோது, விலங்கியல் படிப்பில் ஒரே ஒரு செய்முறைப் பரீட்சை பாக்கி வைத்திருந்தாள். மண்புழுவைக் கீறி, உள்ளே ஓடுகிற நரம்பைக் காட்டவேண்டுமாம். இவள் காட்டியது வெறும் மண்ணு.

"ஏன்ட்டி அப்படி?" என்று கேட்டேன்.

"அத்தை, எங்க வீட்டுல மீனுகூட அறுத்துப் பாத்ததில்ல. பாகற்காய்க்கு மசாலா அடைக்கக் கீறுவோம்லா, அதே மாதிரி ஆழமா இறக்கிட்டேன். குடலு கிழிஞ்சு மண்ணு கொட்டிட்டு. அடியில கெடந்த நரம்பும் போச்சு."

நான் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. சாத்தான்குளத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் லேப் வேலைக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். தொண்ணூற்றாறு சித்திரையில் பரீட்சை. அதிலும் தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

வீட்டிலேயே பழகலாம் என்று சிரட்டையில் நாலு புழுவோடு வந்து நின்றாள். விளக்கேற்றுகிற வீட்டில் உயிரை அறுக்க விடமாட்டேன் என்று நான் ஒரே பிடி. ரெண்டு நாள் ரெண்டு பேருக்கும் பேச்சில்லை. மூன்றாம் நாள் கூட்டுக்கு அரியப் புடலங்காயைக் கையில் எடுத்தேன். நீளமாக, உள்ளே குடலோடு, புழு மாதிரியேதான் இருந்தது.

"ஏட்டி, இங்கன வா. இதைக் கீறு, பாப்போம்."

அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! புழுவுக்கு முதுகில்தான் கறுப்பாக ரத்தக்குழாய்க் கோடு தெரியுமாம். நரம்பு வயிற்றுப் பக்கம் கிடக்குமாம். அதனால் முதுகில், தோல் அளவுக்கு மட்டும், பையக் கீறவேண்டும். காயில் நான் கண்மையால் கோடு போட்டுக் கொடுப்பேன். அவள் பிளேடால் கீறி, ரெண்டு பக்கமும் விரித்து, குண்டூசி குத்துவாள். உள்ளே குடல் துளி கிழிந்தாலும் இன்னொரு காய்.

"யம்மா, இருபது நாளா புடலங்காய். நானே பச்சையா ஆயிட்டேன்" என்றான் மகன்.

"தின்னுலே பேசாம. உன் பெண்சாதி பாஸாகட்டும், வேற காயைப் பாக்கலாம்."

கீறிக்கொண்டே பாடத்தையும் சொல்லுவாள். நான் மல்லுக்கு நிற்பேன்.

"மரவட்டைக்கும் வளையம் வளையமாத்தானே இருக்கு? அதுவும் புழுதான்."

"அதுக்கு மூட்டு வச்ச காலு இருக்கு அத்தை. கணுக்காலி. நண்டும் பூரானும் அதுக்குச் சொக்காரங்க, பங்காளி முறை."

"அப்ப அட்டை?"

"அது மண்புழுவுக்குத் தங்கச்சி. வளைதசைப் புழு."

"நத்தை?"

"மெல்லுடலி. உங்களை மாதிரி, மேல ஓடு கெட்டி, உள்ள மெத்துன்னு."

கொழுப்பைப் பார்த்தீர்களா! மரவட்டை புழுதான் என்று நான் இன்னைக்கும் சொல்வேன்.

பரீட்சையன்று தெருமுக்கிலிருந்தே ஓடிவந்தாள். "அத்தை, நரம்பு அறாம வந்துட்டு! வெள்ளை நூலு மாதிரி!" அட்டை உடம்பில் எத்தனை கண்டம், அதாவது துண்டு, என்றும் கேட்டார்களாம். பக்கத்துப் பிள்ளை வெளியே தெரிகிற வளையத்தையெல்லாம் எண்ணிக்கொண்டு நின்றதாம். இவள், வளையம் எத்தனை தெரிந்தாலும் உள்ளே கண்டம் முப்பத்துமூன்றுதான் என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

ஆனியில் பாஸ் என்று வந்தது. அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வாரம் முழுக்க அங்கே தங்கல், சனிக்கிழமை வீடு. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம். ரேடியோவில் ஏழேகால் செய்தி தொடங்கிவிட்டது, இவள் கண்ணாடி முன்னால் நின்று சடை பின்னுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிரங்குப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துத் தெருவில் வைத்தேன். திரும்பி வந்து அவள் கையையும் பிடித்து இழுத்து, முதுகில் கைவைத்து வாசலுக்கு வெளியே தள்ளினேன். நாறும்பூநாதன் பெண்சாதி ஜன்னல் வழியாகப் பார்த்தது இவ்வளவுதான்.

கோமு தெருவில் நின்று பாதிச் சடையோடு சிரிக்கிறாள். "அங்கன சாடி சாடியா என்னென்னமோ இருக்காம் அத்தை. எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

"மரவட்டையை எதுல வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வா. போ, போ!"

பெட்டியின் ஒரு காதை என் மகன் பிடிக்க, மறு காதை அவள் பிடித்தாள். செய்தி முடியுமுன்னே ரெண்டு பேரும் தெருமுக்குத் திரும்பிவிட்டார்கள்.