துடைக்கக் கூடாத கண்ணாடி

இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த என் மனைவி, முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். காலை மடக்கி நீட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாள். சென்னையில் இருக்கும் மகன் ஒரு கண்ணாடித் தொட்டியை அனுப்பி, கட்டிலுக்கு எதிரில் வைக்கச் சொன்னான். கடல் மீன் தொட்டி. கள்ளக்குறிச்சியில் கடலுக்கு எங்கே போவது? குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் உப்புப் பாக்கெட்டுகளைக் கொட்டி, உப்பின் அளவு காட்டும் மானியை மிதக்கவிட்டு, நானே கடலைக் கலக்கினேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் மீன் கடை வைத்திருக்கும் பாயிடம் மூன்று மீன்களும் ஐந்து நத்தைகளும் வாங்கினேன். இரண்டு மீன்கள் ஆரஞ்சு நிறம், போட்டதைத் தின்றன. மூன்றாவது கட்டைவிரல் நீளம், கல் நிறம். கண்களுக்கு மேல் நூல் போல இரண்டு கொம்புகள். முன் துடுப்புகளைப் பாறையில் ஊன்றிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும்.

"கல்யாண வூட்ல யாரு வந்தாங்க, யாரு வரலைன்னு கணக்கெடுத்துக்கினு உக்காந்திருக்குமே ஒரு பெருசு, அதே மாதிரி இருக்குது" என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களத்தான்."

அன்றிலிருந்து அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அந்த மீனைப் பார்த்துக்கொண்டே காலை மடக்கி நீட்டினாள். நான் எண்ணினேன்.

எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். அந்த மீனின் வயிறு உள்வாங்கியிருந்தது. குருணைத் தீனி போட்டேன், துப்பியது. கீரையை வேகவைத்துக் கல்லில் கட்டிப் போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகன் கூரியரில் அனுப்பிய காய்ந்த கடற்பாசித் தாளையும் அப்படியே விட்டுவிட்டது. ஒரு பகல் முழுக்கப் பார்த்ததில் வெறும் பாறையை ஏழு முறை கொத்தியது. ஏழு முறையும் வாயில் ஒன்றும் சிக்கவில்லை.

பாயிடம் ஓடினேன்.

"சார், அது பாசி மேயுற மீனு. கல்லுலயும் கண்ணாடிலயும் முளைக்குற பாசியச் சொரண்டித்தான் தின்னும். உங்க தொட்டி பழசுன்னு நெனச்சிக்கினு குடுத்துட்டேன்."

"திருப்பி எடுத்துக்கிறீங்களா பாய்?"

"எடுத்துக்கலாம். இங்க மட்டும் இன்னா இருக்குது? எல்லாத்தயும் தேச்சுத் தேச்சு வச்சிருக்கேன். ஊருல எல்லாரும் பாசி போவுறதுக்கு மருந்து கேக்குறாங்க. வர்றதுக்குக் கேட்டுக்கினு வந்த மொத ஆளு நீங்கதான்."

கடையின் மூலையிலிருந்த ஒரு பழைய நத்தையை எடுத்துக் கொடுத்தார். அதன் முதுகு முழுக்கப் பச்சை. அதை விதையாக வைத்துக்கொள்ளச் சொன்னார். முளைக்கிற பாசியை மற்ற ஐந்து நத்தைகளும் முந்திக்கொண்டு தின்றுவிடுமாம், அவற்றை வெளியே எடுக்க வேண்டுமாம். விளக்கும் இன்னும் அதிக நேரம் எரிய வேண்டுமாம். எல்லாம் செய்தேன். மீன் பச்சை நத்தையின் முதுகில் ஏறி மேய்ந்தது. மனைவி கைதட்டிச் சிரித்தாள். ஆனால் எனக்குக் கணக்கு உதைத்தது. ஒரு நத்தையின் முதுகு எத்தனை வேளைக்கு வரும்? கண்ணாடியோ நான் வாங்கிய நாளில் இருந்தது போலவே பளபளத்தது.

அந்த வாரம் கச்சிராயபாளையத்திலிருந்து மனைவியின் தம்பி அக்காவைப் பார்க்க வந்தான். அங்கே கரும்பு போட்டிருக்கிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இன்னா மாமா நீங்க! எங்க மோட்டார் தொட்டியில பாசிய வழிச்சு வழிச்சு எனக்கு இடுப்பே போச்சு. வழிச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள மறுபடி வந்து நிக்குது. எத்தினி குடம் வேணும்?"

மறுநாளே ஒரு குடம் கொண்டுவந்துவிட்டான். பச்சைப் பாசி, பஞ்சு போல, தண்ணீரோடு. தொட்டியில் கவிழ்க்கப் போனவனைத் தடுத்து, பாய்க்கு போன் செய்தேன்.

"அய்யய்யோ, போட்ராதீங்க சார். அது நல்ல தண்ணிப் பாசி. உப்புத் தண்ணில செத்து அழுவிப் பூடும், மீனும் கூடவே பூடும்."

மச்சானின் முகம் தொங்கிப்போயிற்று. நான் குடத்துக்குள் பார்த்துக்கொண்டே நின்றேன். பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். அவன் தொட்டியில் ஏன் இவ்வளவு பாசி? கரும்புக்குப் போடும் யூரியா மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. என் தொட்டியில் ஏன் இல்லை? வடிகட்டி வடிகட்டி ஒன்றுமே இல்லாத கேன் தண்ணீரைத்தானே ஊற்றுகிறேன். பாசிக்கும் சாப்பாடு வேண்டாமா?

"பாசி வேணாம் மச்சான், உங்க கெணத்துத் தண்ணி குடு" என்றேன்.

தொட்டியில் தினமும் இரண்டு டம்ளர் தண்ணீர் ஆவியாகும். உப்பு அப்படியே தங்கிவிடும் என்பதால் நல்ல தண்ணீர்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த இரண்டு டம்ளரைக் கேனுக்குப் பதில் கிணற்றிலிருந்து ஊற்றினால் என்ன? உடனே பயம் பிடித்துக்கொண்டது. பூச்சி மருந்து கலந்திருந்தால்?

"அந்தத் தண்ணியத்தான் நாங்க குடிச்சிக்கினு இருக்கோம்" என்றான் மச்சான், கொஞ்சம் கோபமாக.

"நீ கெட்டியான ஆளு. மீனு அப்படியா?" என்றாள் அவன் அக்கா.

வெளியே எடுத்திருந்த நத்தைகளில் ஒன்றைத் தனி வாளியில் விட்டு, அளவாக உப்புத் தண்ணீர் ஊற்றி, கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்தேன். மறுநாள் காலையில் நத்தை தெம்பாக வாளியின் விளிம்புவரை ஏறியிருந்தது. அதற்குப் பிறகே தொட்டியில் ஊற்றினேன்.

முதலில் வந்தது பச்சை இல்லை. மணல்மேல் பழுப்பாக, துரு போல ஒன்று படர்ந்தது. தொட்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். போனில் படம் எடுத்து அனுப்பினேன்.

பாய் கேட்டார்: "பிரஷ்ஷால தொட்டுப் பாருங்க. தோலு மாதிரி உரியுதா, தூளாப் போவுதா?"

பழைய பல் பிரஷ்ஷால் தொட்டேன். புகைபோலத் தூளாகக் கலைந்தது.

"அப்ப கவல இல்ல. உரிஞ்சாத்தான் கெட்டது. புதுத் தொட்டில மொதல்ல இதுதான் வரும், பின்னாடியே பச்ச வரும். கொஞ்சம் கம்மியா பயப்படுங்க சார்."

அதுதான் எனக்கு வராது. மீன் அதற்குள் நத்தையின் முதுகை மொழுமொழுவென்று ஆக்கிவிட்டிருந்தது. தின்ன வேறு இல்லாமல் அது பாறை இடுக்கிலேயே கிடந்ததால், மனைவியும் காலை மடக்கவில்லை. "அது வெளிய வரட்டும்" என்றாள். நான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தொட்டியின் நான்கு பக்கமும் அலைந்தேன். ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியின் கீழ்மூலையில், கடுகு அளவில் ஒரு பச்சைப் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. பதினொன்று எண்ணினேன். சில நாட்களில் எண்ண முடியாமல் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, கண்ணாடியே மங்கலாயிற்று.

அடுத்த முறை வந்த மச்சான், "இன்னாக்கா, மீனே தெரியல, இவ்ளோ அழுக்கா வச்சிருக்கீங்க?" என்று தோள் துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

"டேய், தொடாத!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம்.

அவன் துண்டோடு அப்படியே நின்றான். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தான். "மாமா, இதென்னா இங்க யாரோ முத்தம் குடுத்த மாதிரி?"

போய்ப் பார்த்தேன். பச்சைப் படலத்தில் சின்னச் சின்ன வட்டங்கள். உள்பக்கமிருந்து உதட்டை ஒற்றி எடுத்தது போல. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கண்ணாடி சுத்தமாக இருந்தது. தடங்கள் மேலே போய், வளைந்து, ஓரத்துக்கு வந்தன. அந்த ஓரத்தில் மீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தது. வயிறு கடலைப் பருப்பு போலத் திரண்டிருந்தது.

"எத்தினி?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் மனைவி.

அறுபத்து நான்கு வரை எண்ணினேன். அதற்குள் அது இன்னும் இரண்டு வைத்துவிட்டது. எண்ணிக்கை தவறிவிட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது அவள் ஒரு காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.