எங்கள் காரைச் செய்தவர்களுக்கு ஒரு சாப்பாடு

நான் பிறப்பதற்கு முன்பே அந்தக் கார் எங்கள் வீட்டில் இருந்தது. பர்மாவில், லான்மடா வட்டாரத்தில் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பாவுக்கு, நாட்டை விட்டுப் போன வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுச் சென்றது. நீளமான அமெரிக்கக் கார். பானட்டின் நுனியில் செவ்விந்தியத் தலைவர் ஒருவரின் முகம் காற்றை எதிர்த்துப் பார்த்தபடி இருக்கும். ஸ்டியரிங் இடது பக்கம். ஆரம்பத்தில் அது பெரிய தொந்தரவாக இருந்ததாம். பிறகு, வண்டிகளெல்லாம் சாலையின் வலது பக்கமாகப் போக வேண்டும் என்று அரசாங்கம் மாற்றிவிட்டது. ஊரில் மற்றவர்கள் வலது பக்க ஸ்டியரிங்கோடு ஓரத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்து முந்த வேண்டியிருக்க, வாப்பா மட்டும் நடுச்சாலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டினார். "நம்ம காருக்காவத்தான் சட்டத்தையே மாத்துனாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவருக்குக் கண் மங்கியபோது சாவி, மகளான என் கைக்கு வந்தது. நான் கியாக்டடாவில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வேலைக்கு பஸ்ஸில் போவேன். பெட்ரோல் கிடைப்பது அரிது என்பதால் காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன். வாப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து டீக்கடைக்குப் போவோம். அங்கே எங்களைப் போலவே அதே கம்பெனியின் கார் வைத்திருந்த மூன்று பேர் காத்திருப்பார்கள். ஒருவர் தின்கன்ஜூனில் இருந்த பர்மிய பல் டாக்டர். டாக்டர்களை மரியாதையாக அழைக்கிற பர்மீஸ் வழக்கப்படி அவரை எல்லாரும் சயா என்போம். இன்னொருவர் சீன வம்சத்து அச்சகக்காரர். மூன்றாமவர் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். எங்களோடு மட்டும் தமிழ் பேசுவார். மற்றபடி மேசையில் பர்மீஸ்தான்.

அந்தப் பெரும் புயல் வந்த வருடம் எஞ்சினியர் வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் அவர் கார்மேல் சாய்ந்தது. கூரை சீட்டோடு ஒட்டிவிட்டது. எங்கள் கார் சந்துக்குள் நின்றதால் தப்பித்தது. கரண்டு இல்லாமல் தண்ணீர் ஏறாத அந்த நாட்களில், கிணறு இருந்த தெருவிலிருந்து டிரம் டிரம்மாக எங்கள் சந்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் டிரம்களை அடுக்கினோம். பாரம் தாங்காமல் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்ததே தவிர, கார் ஒருமுறையும் நிற்கவில்லை. அதுவரை அதைக் கிண்டல் செய்த பக்கத்து வீட்டம்மா, தினமும் ஒரு ஈரத்துணியால் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

மறுவருடம்தான் செய்தி வந்தது. சயா ரேடியோவில் கேட்டிருந்தார். டீ ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தவர், நாங்கள் வந்ததும் சொன்னார்.

"நம்ம கார நிறுத்தப் போறாங்களாம். இந்த ஒரு மாடல் இல்ல, அந்தப் பேர்ல இனிமே காரே கிடையாது."

அச்சகக்காரர் சிரித்தார். "நமக்கு எப்பவோ நிறுத்திட்டாங்க சயா. இத்தன வருஷத்துல ஒரு போல்ட் வந்துச்சா? ஜப்பான் லாரி சாமான அறுத்து மாட்டித்தானே ஓட்டறோம்."

அவர் சொன்னது உண்மை. ஆனாலும் சயாவின் முகம் தெளியவில்லை. எங்கேயோ ஒரு தேசத்தில் இதே முகத்தோடு புதிதாய்க் கார்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்ற எண்ணம் இத்தனை நாளும் எனக்கு ஒரு துணையாக இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாப்பா கேட்டார்: "அங்க வேல பாத்தவுங்கள்லாம் என்ன ஆவாங்க?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மாமா" என்றார் எஞ்சினியர்.

"நம்ம கார்க் கதவ யாரோ ஒருத்தரு மாட்டிருக்காரு. இன்னிக்கி வரைக்கும் கழலல. அந்த மனுசனுக்கு நாம ஒரு வாய் சோறு போட்டதில்லையே."

நான் அதை பர்மீஸில் சொன்னேன். அச்சகக்காரர் தலையாட்டினார். "நாம இங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதே!"

"தெரிஞ்சாத்தான் சோறு போடணுமா?" என்றார் வாப்பா.

அப்படித்தான் முடிவாயிற்று. ஒரு ஞாயிறு காலை சயாவின் வீட்டு முற்றத்தில் ஓடுகிற மூன்று கார்களும் வரிசையாக நின்றன. எஞ்சினியரின் காரை அச்சகத்து லாரி கட்டி இழுத்து வந்தது. நசுங்கிய கூரைமேல் அவர் மனைவி மல்லிகைச் சரம் போட்டிருந்தார். பக்கத்து மடத்திலிருந்து பிக்குகள் வந்தார்கள். வாப்பாவின் மேற்பார்வையில் விடிவதற்குமுன் அடுப்பேற்றிய கோழி பிரியாணியை முதலில் அவர்களுக்குப் பரிமாறினோம். சாப்பாடு முடிந்து சயா குவளையிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். இந்தக் கார்களைச் செய்த, நாங்கள் பார்த்தேயிராத தொழிலாளிகளுக்கும், இப்போது வேலை போகிறவர்களுக்கும் இந்தப் புண்ணியத்தில் சம பங்கு என்று சொல்லி, "அம்யா, அம்யா, அம்யா" என்று பங்கெடுத்துக்கொள்ள அழைத்துக் குரல் கொடுத்தார். நன்று என்று ஏற்கும் விதமாக எல்லாரும் "தாது, தாது, தாது" என்றோம். பிறகு வாப்பா ஒதுங்கி நின்று கையேந்தி துஆ கேட்டார். அந்தத் தெருக்காரர்களெல்லாம் வந்து சாப்பிட்டார்கள்.

என் கார் மட்டும் வழியிலேயே சூடேறி, வந்த இடத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வாட்டர் பம்ப் ஒழுகிக்கொண்டே இருந்தது. சோப்பும் துணியும் வைத்துக் காலம் தள்ளிவந்தேன். எஞ்சினியர் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார். நேராகப் போய்த் தன் காரின் பானட்டை நெம்பித் திறந்தார்.

"தங்கச்சி, இந்த பம்ப் நல்லா இருக்கு. கழட்டிக்க."

"ஐயோ, வேணாண்ணே. கூரைய நிமித்திட்டா உங்க வண்டி ஓடுமே."

"அது ஓடாது. ஃபிரேம் ஒடஞ்சுபோச்சு, நான் பாத்துட்டேன்." பானட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இனிமே புதுசு வராதுன்னு ஆனப்புறம், வெச்சுக்கிட்டு என்ன பண்றது? உனக்கு பம்ப். சயாவுக்கு கியர் பாக்ஸ். அச்சகக்காரருக்கு டைனமோ. மூணு வண்டியாவது ஓடட்டும்."

அச்சகக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு டீக்கடையில் செய்தி கேட்டுச் சிரித்த மனிதர் அவர்தான். எஞ்சினியர் அன்றே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, லோஞ்சியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தானே பம்பைக் கழற்றி என் காரில் பூட்டினார். சாயங்காலம் திரும்புகிற வழியில் வாப்பா தன் கையை டாஷ்போர்டின்மேல் வைத்துக்கொண்டே வந்தார். "சூடு இல்லம்மா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

கடைசிக் காரும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து அந்தக் கம்பெனிப் பெயர் முடிந்துபோன வருடம், எஞ்சினியரின் மகளுக்குக் கோவிலில் கல்யாணம். கல்யாணப் பெண் எங்கள் காரில்தான் போக வேண்டும் என்று வாப்பா பிடிவாதம் பிடித்தார். சாவியை நான் எஞ்சினியரிடம் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் பின்சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். சயாவின் காரும் அச்சகக்காரரின் காரும் பின்னால் வந்தன. எஞ்சினியர் நடந்து போகிற வேகத்தில் ஓட்டினார். பஸ்காரன் ஒருவன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"அப்பா, முகூர்த்தம் போயிரும்" என்றாள் மகள்.

"இரும்மா" என்றார் அவர். கோவில் வாசல் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மாலையோடு நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, காரை நிறுத்தாமல், இன்னொரு தரம் தெருவைச் சுற்றி வந்தார்.