ஒரு பிளாப்பியும் மூன்று கம்ப்யூட்டரும்

எண்பதுகளின் கடைசியில், துபாயிலிருந்து தென்காசி திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர் தன் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அவற்றை இயக்கும் மென்பொருள் இருந்த பிளாப்பித் தட்டு ஒன்றுதான். அதன் லைசென்ஸும் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டையோடு இருக்கும் மனிதர், ஒன்றை அணைத்த பிறகே அடுத்ததில் பிளாப்பியைச் செருகுவார். மற்ற பிள்ளைகள் இருண்ட திரைகளின் முன்னால் காத்திருப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

“பிளாப்பிய இன்னும் ரெண்டு காப்பி எடுத்தா மூணும் ஓடும்லா அண்ணாச்சி.”

“ஒத்த டிக்கெட்டுல மூணு பேர குத்தாலம் பஸ்ல ஏத்துவானாலே? இன்னும் ரெண்டு லைசென்ஸ் வாங்கலாம்னா, இங்கன யாரு விக்கா?”

ஆடிச் சாரலில் பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது. மூன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எதிலும் எழுத்து வரவில்லை. அப்போதும் ஒன்றை அணைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார்.