மேட்டுக்காட்டில் விதைத்த ஆவாரை

பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வீட்டு இறவாரத்தில் காப்புக் கட்டுகிறோமே, அந்த மஞ்சள் ஆவாரம்பூவைப் பற்றித்தான் பிள்ளைகளே எழுதுகிறேன். பூவைக் காயவைத்து அரைத்துத் தேய்த்துக் குளிக்கிறீர்கள். குச்சியை ஒடித்துப் பல் துலக்குகிறீர்கள். யாராவது அதை விதைத்துப் பார்த்ததுண்டா? நான் விதைத்தேன்.

மேட்டூர் அணை கட்டி முடித்த புதிது. அந்தத் தண்ணீர் நம் ஊருக்கு எட்டாது; கிணற்றுத் தண்ணீர் நம் மேட்டுக்காட்டுக்கு ஏறாது. அந்தச் சரளை மண்ணில் கம்பு போட்டால் முழங்கால் உயரத்திலேயே கருகிவிடும். வரப்போரத்து ஆவாரை மட்டும் எந்த வெயிலிலும் பூத்து நிற்கும். தோல் பதனிட அதன் பட்டையைச் சேலத்துத் தோல் ஷாப்புகளில் வாங்குகிறார்கள் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். கருகாததையே பயிராக வைத்தால் என்ன என்று தோன்றியது.

உங்கள் பெரியப்பா சிரித்தார். “ஏஞ்சாமி, ஆவாரையை வெதைக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். அப்படியே எருக்கலையும் நட்டுப்போடு. ரண்டு வருசம் பாக்கறேன். பட்டை வரலீன்னா காட்டை எம்பட ஆட்டுக்கு உட்டுப்போடோணும்.”

சரி என்று வாய் கொடுத்துவிட்டேன்.

ஆடி மழைக்குப் போட்ட விதையில் ஒன்றிரண்டுதான் முளைத்தது. காட்டில் தானாக முளைப்பது என் கையால் போட்டால் ஏன் முளைக்கவில்லை? விதையைக் கடித்துப் பார்த்தேன். கல்.

“பல்லுத்தான் போகுமுங்க,” என்றாள் உங்கள் அம்மா. “உரல்ல மணலைப் போட்டுத் தேச்சுப் பாக்கலாமுங்களா?”

தேய்த்து, ஊறவைத்து, புரட்டாசி மழைக்கு விதைத்தோம். சால் சாலாக முளைத்தது. ஆவாரையில் ஆடு வாய் வைக்காது என்பதால் வேலி போடவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டேன்.

இரண்டாம் தையில் காடே மஞ்சளாக இருந்தது. காப்புக் கட்டும் நாள் போய்ப் பார்த்தால், தடத்தோரச் செடிகளெல்லாம் மொட்டையாக நிற்கின்றன. ஒரு அம்மாள் கை நிறையப் பூவோடு எதிரே வந்தார்.

“ஏனுங்க, இது நான் நட்டதுங்க,” என்றேன்.

“ஆவாரையை ஆராச்சும் நடுவாங்களா? வெளையாடாதீங்க!” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வேலி இல்லாத ஆவாரை எல்லோருக்கும் பொதுதானே. ஆனால் பெரியப்பா சொன்ன கெடு ஆடியோடு முடிகிறது. ஒடித்ததில் பட்டை தேறாது, மிச்சம் ஒரு வண்டிக்குக் காணாது; காடு கையை விட்டுப் போகப்போகிறது என்றே நினைத்தேன்.

ஒடிந்தது பிழைக்குமா என்று தினமும் போய்ப் பார்ப்பேன். கோடை மழை விழுந்ததும் ஒடித்த இடத்திலெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர் வந்து, பிரம்பு போல நேராக நீண்டது. யார் கையும் படாத நடுக்காட்டுச் செடிகளோ முண்டும் முடிச்சுமாகத் தடித்துப் போயின. ஆனி மாதம் பட்டை வியாபாரி வந்தார். தடத்தோரக் குச்சியை வளைத்து நகத்தால் கீறி இழுத்தார். பட்டை நார் போலக் கழன்று வந்தது. நடுக்காட்டில் கீறினார், கட்டையை விட்டு வரவே மாட்டேனென்றது.

“ஓரத்துது எனக்கு வேணுங்க. உள்ள இருக்கறதையும் ஒடிச்சு உடுங்க, அடுத்த தடவை பாக்கறேன்,” என்றார்.

காடு தப்பியது.

அடுத்த காப்புக்குப் பூ ஒடிக்க ஊரையே உள்ளே கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. வண்டியில் பட்டைக் கட்டு ஏறியதைப் பார்த்தவர்கள் ஆயிற்றே. பெரியப்பா மட்டும் வந்து வரப்பிலேயே நின்றார்.

“உள்ள வாங்கண்ணா, நடுவுல ஒடிங்க. நல்லாத் தழையும்.”

“வெள்ளாமைக்குள்ள பூந்து ஒடிக்கறதா? நல்லா இருக்குதே! ஒரு கை நீயே ஒடிச்சுக் குடு சாமி.”

ஒடித்துக் கொடுத்தேன். நடுக்காட்டை அப்புறம் உங்கள் அம்மாவும் நானுமே அரிவாள் கொண்டுபோய் வெட்டி முடித்தோம்.