தலைவலிக்கு நேர்ந்த அப்பம்

அண்ணனுக்குத் தலைவலி என்று எங்கள் வீட்டில் முடிவாயிற்று. தலை வலிக்கிறது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. முடிவு செய்தது அம்மா. மறுத்துப் பேச அப்பாவுக்குத் தெம்பில்லை; எனக்கு வயதில்லை.

எங்கள் பக்கமெல்லாம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த காலம் அது. அப்பாவுக்கு அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை. அண்ணன் நாகர்கோவிலில் அறை எடுத்துத் தங்கி இண்டர்மீடியட் படித்தான். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் மாணவன். காலேஜில் எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் ஓட்டம்; அவனால் கூட ஓட முடியவில்லை. ஆடி மாதம் பெட்டியோடு வந்து இறங்கியவன் திரும்பிப் போகவில்லை. இலைமுன் உட்கார்ந்து சோற்றை அளைந்துகொண்டே இருப்பான். உறக்கம் கிடையாது. சாயங்காலமானால் வட்டக்கோட்டைக்கு நடந்துபோய்க் கடலைப் பார்த்த மதில்மேல் உட்கார்ந்துவிடுவான். தேடிப்போய்க் கூட்டிவருவது என் வேலையாயிற்று.

அப்படிப் போன ஒரு சாயங்காலம், நான் கூப்பிட்டும் எழும்பாமல், "ஏட்டி, எனக்கு ஜீவிக்கணும்ணே தோணல்ல" என்றான். கோபம் இல்லை, அழுகை இல்லை. கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அப்பா சொல்வாரே, அந்தக் குரல். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் வீடுவரை வந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே போட்டுவிட்டு என் வாயைப் பொத்தினாள்.

"வெளிய மூச்சு விடப்பிடாது, கேட்டியா? யாரு கேட்டாலும் தலைவலிண்ணு சொன்னாப் போரும். அண்ணனுக்குக் கிறுக்குண்ணு ஊரு பேசினா உன்னைய எவன் கெட்டுவான்?"

எனக்கு அப்போது ஓர் இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆக, என் கல்யாணத்தைக் காப்பாற்ற அண்ணனுக்குத் தலைவலி வந்தது. எரிச்சலாக இருந்தது. கல்யாணம் வேண்டும் என்று நான் யாரிடம் போய் நின்றேன்?

சொன்ன நோய்க்குத்தானே மருந்து கிடைக்கும். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துத் தலைக்கு எண்ணெய் கொடுத்தார். வெயிலில் உட்காரவைத்து அம்மா அதைத் தேய்த்தாள்; அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். வாசிப்பு கூடியதால் கண்ணில் கோளாறாக இருக்கும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்ல, கண்ணாடி வாங்கிப் போட்டோம். அதையும் போட்டுக்கொண்டு வட்டக்கோட்டை மதில்மேல் போய் உட்கார்ந்தான். கடல் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும், வேறென்ன.

பிறகு மண்டைக்காட்டு அம்மன் கோயில். தலைநோய் தீர பகவதிக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். மாவும் சர்க்கரையும் சேர்த்துத் தலை அளவுக்கு உருட்டி அவிப்பார்கள். பஸ் மாறி ஏறி, இடிபட்டு, அடுப்பு மூட்டிப் புகை குடித்து அம்மா அவித்தாள். படைத்த அப்பத்தில் ஒரு துண்டை அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்து, கடைசியில் காக்காய்க்குப் போட்டான். அம்மா பார்த்தும் பாராதமாதிரி பாத்திரத்தைக் கழுவினாள். திரும்பும்போதும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தோம். அந்த அலுப்பு இன்றைக்கும் என் முட்டியில் இருக்கிறது. எங்கே போனாலும் நாங்கள் வாசலிலேயே நோயை மாற்றிச் சொல்லிவிட்டு, குணமாகவில்லை என்று சாமியையும் வைத்தியரையும் குறை சொல்லிக்கொண்டு வந்தோம்.

கடைசியில் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி. பெஞ்சில் காத்துக் காத்து இடுப்பு விட்டுப்போயிற்று. டாக்டரும் எங்களைப்போலவே களைத்திருந்தார்.

"பயலுக்கு ஒரே தலைவலியாக்கும்" என்று அம்மா தொடங்கினாள்.

"எந்தப் பக்கம் வலிக்கு?" என்று டாக்டர் அண்ணனைக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும்" என்றாள் அம்மா.

டாக்டர் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார். இனி இந்த மாத்திரையையும் பார்க்க வேண்டும், பிறகு இன்னொரு பஸ், இன்னொரு வாசல். அதற்குள் ஒருநாள் நான் வட்டக்கோட்டைக்குப் போகும்போது மதில்மேல் யாரும் இருக்கமாட்டார்கள். எனக்கு அது அப்படியே கண்ணில் தெரிந்தது.

"அவனுக்குத் தலைவலி ஒண்ணும் இல்ல, டாக்டர். சாகணும்ணு சொல்லுகான்."

அம்மா என் கையைக் கிள்ளிய தடம் ஒரு வாரம் கிடந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, எங்களை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

"அப்படித் தோணுதா, தம்பி?"

"அவ சொன்னது சரியாக்கும்" என்றான் அண்ணன். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதான். அத்தனை மாதமும் அழாதவன்.

எங்களை வெளியே அனுப்பினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன பேசினான் என்று நான் கேட்டதில்லை. வெளியே வந்த டாக்டர், உறங்க மருந்து தந்தார். இந்த வருஷப் பரீட்சையை மறந்துவிடச் சொன்னார். "தனியா விடாண்டாம். வாரவாரம் கூட்டிட்டு வாங்க. காய்ச்சல்போல இதுவும் சீக்குதான், அம்மா. மறைச்சா எப்பிடிப் பாக்கது?" என்றார்.

வாரவாரம் போனோம். மந்திரம் போட்டதுபோல ஒன்றும் நடக்கவில்லை. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். அப்பா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார்.

ஆஸ்பத்திரி பெஞ்சுக்கும் காது உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அம்மா அசராமல் சொன்னாள்: "பொண்ணுக்கு அடிக்கடி தலைவலி வருகு. அதாக்கும் நாங்க வேண்டாம்ணு வச்சோம்." எனக்குச் சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லாததால் சும்மா இருந்தேன்.

சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டுமே. மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மறுபடியும் மண்டைக்காடு. இந்தத் தடவை நேர்ச்சை என் பேரில். அதே புகை, அதே அப்பம். படைத்து முடித்து அம்மா ஆளுக்கொரு துண்டு இலையில் வைத்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்திருந்தான். பிறகு பிட்டுத் தின்றான். முழுவதும் தின்றுவிட்டு, "கூட ஒண்ணு தாம்மா" என்றான்.

அம்மா பாத்திரத்துக்குள் விட்ட கையை எடுக்காமலே அழுதாள். ஆடியிலிருந்து அவன் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அது. நான் என் பங்கை எடுத்து அவன் இலையில் வைத்தேன்.