நாலு பேர், ஒரே குளியலறை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அது தலைகீழ். கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, நமக்கே விடை தெரியாத மாதிரி நிற்க வேண்டும். பிள்ளைகள் முட்டி மோதித் தாங்களாகவே வழி கண்டுபிடிப்பார்களாம். நான் இரண்டு முறை மேற்பார்வையாளர் முன்னால் பாடம் நடத்தினேன். இரண்டு முறையும் பொறுக்க முடியாமல் விடையைச் சொல்லித் தொலைத்துத் தோற்றேன். நுணலும் தன் வாயால் கெடும். மூன்றாவது முறையும் கெட்டால் ஒரு வருடம் முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும்.

மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆந்தை. வட்டக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

"புத்தகத்துக் கணக்கெல்லாம் வேண்டாம்மா. உன் வீட்டுல தினம் நடக்கிற சிக்கல் ஒண்ணை எடுத்துட்டு வா," என்று சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் தினமும் நடந்த சிக்கல் ஒன்றுதான். நாலு பேருக்கு ஒரே குளியலறை. காலையில் அண்ணன் உள்ளே போனால் போனதுதான். அப்பா கதவைத் தட்டுவார், அம்மா தட்டுவாள், நான் உதைப்பேன். ஆறு மாதத்துக்கு முன்னால், வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதி அண்ணன் இறந்துவிட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பத்து மாடி உயரத்தில் தொங்கி வேலை செய்தவனுக்குத் தரையில் முடிவு வந்தது. இப்போது எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. மூன்று பேருக்கு நேரம் தாராளம்.

எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. "கல்நெஞ்சக்காரி" என்று அத்தை என் காதுபடவே சொன்னாள். கல்லெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தெரியும், ஆனால் நம்முடையது என்று தோன்றாது. கல்லூரியில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான் என்பதால் அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் அவர்களை நான்தான் தேற்ற வேண்டும்.

மூன்றாவது பாடத்தன்று ஏழாம் வகுப்பில் அந்தக் கணக்கையே எழுதினேன். ஒரு வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை. ஒரே குளியலறை. எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்ப வேண்டும். யார் எப்போது எழுந்திருக்க வேண்டும்? எழுதி முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வருடமே போய்விடும் என்ற பயம்கூட வரவில்லை.

வகுப்பு சந்தைக்கடை ஆனது. அம்மா ராத்திரியே குளித்துவிடட்டும் என்றது ஒரு பெஞ்ச். சமையலறையில் ஒரு கண்ணாடி மாட்டினால் அப்பா அங்கேயே சவரம் செய்துகொள்ளலாம் என்றது இன்னொன்று. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், அண்ணனுக்கு எவ்வளவு நேரம்னு போடலையே?"

திரும்பிப் பார்த்தேன். அப்பா இருபது நிமிடம், அம்மா பதினைந்து, தங்கை பத்து. அண்ணனுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே விடவில்லை. எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன்.

"அரை மணி நேரம்," என்றேன். "தட்டினாலும் வர மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"இது உங்க வீடா டீச்சர்?"

"ஆமா."

அதற்குப் பிறகு அவர்களுக்கு வெறி வந்துவிட்டது. கூட்டிக் கழித்து, சண்டை போட்டு, கடைசியில் பென்சில்காரியையே அனுப்பினார்கள்.

"உங்க அண்ணன்தான் டீச்சர் சிக்கலே. மத்தவங்க தூங்கும்போதே அவரை எழுப்பி உள்ள அனுப்பிட்டா யாரும் காத்திருக்க வேண்டாம். முதல்ல அண்ணனை எழுப்பிடுங்க, அவ்வளவுதான்."

பிள்ளைகள் சொன்ன விடையை அப்படியே பலகையில் எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்பது விதி. 'முதலில் அண்ணனை எழுப்ப வேண்டும்' என்று எழுதினேன். வரிகூட நேராகத்தான் வந்தது.

வெளியே வந்ததும் ஆந்தை முதுகில் தட்டினார். "பாஸ். இன்னைக்குத்தான் வாயை மூடிட்டு நின்னே. அந்த ஒரு நேரத்தை மட்டும் எழுதாம விட்டு, அவங்களையே கேட்க வச்சே பாரு, நல்ல உத்தி."

"தேங்க்ஸ் மேடம்," என்றேன்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். "என்ன கணக்கு நடத்தினே?" என்று அப்பா கேட்டார். மழுப்பியிருக்கலாம். முழுவதையும் சொன்னேன், விடை உட்பட. அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மா அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"பாவம் பிள்ளைங்க," என்றாள். "அவனை ஒரு நாளாவது எழுப்பிப் பார்த்திருந்தா தெரியும்."

அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டுப் புரையேறிவிட்டது. அவர் தலையைத் தட்டிக்கொண்டே அம்மாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது என்று நினைத்தேன். சிரிப்பு இல்லை. எழுந்து ஓடிக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். எவ்வளவு திறந்தும் என் சத்தம் அதற்கு மேல் கேட்டது.

கதவு தட்டப்பட்டது. அப்பா.

"உள்ள எவ்வளவு நேரம்மா? மத்தவங்க போக வேண்டாமா?" அவர் குரலும் சரியாக இல்லை.

"அரை மணி நேரம் ஆகும்பா," என்றேன்.