எமன் தள்ளிவிட்ட கோள்

அலுவலகத்தில் அவளுக்கு எமன் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது காதுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேலை அப்படி. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிற கூட்டம் அது. தேடுகிறவர்கள் எதையாவது கண்டுபிடித்து, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் போல முகமெல்லாம் பல்லாக வந்து நிற்பார்கள். அது உண்மையிலேயே கோள்தானா என்று சலித்துப் பார்த்து, இல்லையென்றால் கூசாமல் அடித்துப் போடுவது இவள் பொறுப்பு. பெரும்பாலும் அடிதான் விழும்.

அந்தக் கோள்களை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. விண்வெளியில் மிதக்கும் தொலைநோக்கி ஒன்று நட்சத்திரங்களின் வெளிச்சத்தை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும். ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும். வரைபடத்தில் அது ஒரு சின்னப் பள்ளம். பூமியைப் போன்ற சின்னக் கோள் என்றால், பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று சத்தியம் பண்ண முடியாது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் விழுகிற பள்ளத்தை வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்கினால் உருவம் தெரியும். அடிப்பக்கம் தட்டையாக, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்தால் கோள். புனல் மாதிரிக் கூராக இறங்கினால் கோள் இல்லை. பின்னால் எங்கோ இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று லேசாக மறைத்து மறைத்துச் சுற்றுகின்றன என்று அர்த்தம். அலுவலகத்தில் அதற்கு 'ஜோடி' என்று பெயர். எமன் 'ஜோடி' என்று எழுதிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது.

இந்த அலுவலகத்துக்குத்தான் அவள் தம்பியும் வேலைக்கு வந்தான்.

அம்மா போனபோது அவனுக்குப் பால்பல் விழுகிற வயது. தலை வாரிவிட்டதிலிருந்து காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தது வரை எல்லாம் அக்காதான். அக்கா படித்ததையே படித்தான், அக்கா எழுதிய தேர்வையே எழுதினான், சொந்த மூளையில்தான் தேறினான். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "அக்கா தயவுல உள்ள வந்தவர்" என்று தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்குத் தைத்த முள்ளை அவள் எடுக்கவே இல்லை. அலுவலகத்தில் தம்பியின் மேஜைப் பக்கம் போவதை நிறுத்தினாள். மதியம் தனியாகச் சாப்பிட்டாள். அவனுக்கு அது புரிந்தது, சிரித்துக்கொண்டான். நல்ல பிள்ளை அவன். அதுதான் வினையாகப் போயிற்று.

அவன் வேலை தற்காலிகம். அவன் கண்டுபிடித்த ஒரு கோளாவது சலிப்பில் நின்றால்தான் நிரந்தரமாக்க முடியும் என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். அவனும் ஒன்றைப் பிடித்தான். மங்கலான, சிவந்த நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் சின்னக் கோள். கணக்குப்படி பூமியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவன் அதைச் சொன்னபோது குரல் நடுங்கியது. தலைவர் கைதட்டினார். பிறகு வழக்கப்படி அது எமனிடம் வந்தது.

அவள் அடுக்கிப் பார்த்தாள். புனல்.

அவன் அவள் மேஜைக்கே வந்து நின்றான். சுற்றிலும் தட்டச்சு ஓசை நின்றுபோயிற்று.

"அக்கா, அதை மொத்தமா அடுக்காத. அது நேரத்துக்கு வராது. ஒரு தடவை மூணு மணி நேரம் முன்னாடி வருது, இன்னொரு தடவை பின்னாடி வருது. பக்கத்துல வேற ஏதோ ஒண்ணு அதை இழுக்குது. அப்படியே அடுக்கினா ஓரமெல்லாம் கலைஞ்சு புனலாத்தான் தெரியும். தனித்தனியா பாரு, ஒவ்வொண்ணையும் அது வந்த இடத்துல வெச்சு அடுக்கு."

"இஷ்டத்துக்கு நகர்த்தி அடுக்கினா எந்தக் குப்பையையும் தட்டாக்கிடலாம்."

"இஷ்டத்துக்கு இல்லக்கா. ஊஞ்சல் மாதிரி ஒரு ஒழுங்கா போய்ட்டு வருது. ஒரே ஒரு தடவை பாரேன்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படி நகர்த்தி நகர்த்தித் தங்களையே ஏமாற்றிக்கொண்டவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் பார்க்காமல் விட்டதற்கு அது காரணம் இல்லை. அறையிலிருந்த அத்தனை காதுகளும் தன் பக்கம் திரும்பியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அடுத்தவன் கேட்டிருந்தால் உட்கார்ந்து பார்த்திருப்பாள்.

"எல்லாருக்கும் எப்படிப் பாக்குறேனோ அப்படித்தான் உனக்கும்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஜோடி என்று எழுதினாள். "எமனுக்குத் தம்பின்னாலும் ஒண்ணுதான்" என்று தலைவர் மெச்சினார். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது நடந்ததுதான்: அன்று சாயங்காலம் அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தம்பிக்கு 'ஜோடிக்காரர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சிரித்தே கொல்வார்கள் படித்தவர்கள். கொஞ்ச நாள் தாங்கினான். தவணை முடிந்ததும் வேலையைப் புதுப்பிக்கக் கேட்கக்கூட இல்லை, மேஜையைக் காலி பண்ணிவிட்டான். அவனுக்காகப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் மெல்ல நழுவினார்கள். பெட்டியோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்தவன், பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டான். ஒரு பார்சல் கிடங்கில் பொட்டலங்களை முகவரிவாரியாகப் பிரித்து வைக்கிற வேலை. வந்தால் பாத்திரம் கழுவுவான், ஒழுகுகிற குழாயைச் சரி செய்வான், அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா." சட்டை வாங்கினாலும் அதுதான், பல் வலிக்கு எந்த வைத்தியரிடம் போவது என்று கேட்டாலும் அதுதான். அவள் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் வேறு யாரும் இல்லை. சாயங்காலம் பின்னறையில் விளக்கு எரிவதைத் தெருமுனையிலிருந்து பார்த்தால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

போன மாதம் தலைவர் ஒரு கட்டுரையை அனுப்பினார். வேறொரு குழு புதுத் தொலைநோக்கியால் கண்டது. வெளியிடுவதற்கு முன்னால் கறாரான ஆள் ஒருவர் பார்க்க வேண்டுமாம். திறந்ததுமே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நட்சத்திரத்தின் எண் அவளுக்கு வீட்டு விலாசம் போல மனப்பாடம். ஒன்றில்லை, இரண்டு கோள்கள். வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றையொன்று இழுக்கின்றன, அதனால் இரண்டுமே முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. எவ்வளவு ஊசலாடுகின்றன என்பதை வைத்தே எடையையும் போட்டிருந்தார்கள். பள்ளத்தின் ஆழத்தில் அளவு, ஊசலில் எடை, இரண்டையும் சேர்த்தால் கெட்டியான பாறை. உள்ளே இருப்பது தம்பியின் கோள்.

பழைய அளவுகளைத் தேடியெடுத்தாள். மதியம் சாப்பிடப் போகவில்லை. ஒவ்வொரு பள்ளத்தையும் அது வந்த இடத்தில் பிடித்து, தம்பி சொன்ன ஊஞ்சல் கணக்கில் நகர்த்தி அடுக்கினாள். ஜன்னல் வெயில் மேஜையை விட்டு இறங்குவதற்குள் திரையில் தட்டு நின்றது. அடி தட்டை, ஓரம் செங்குத்து. முதல் வருஷம் சேர்ந்த பயிற்சியாளர்கூட 'கோள்' என்று சொல்லிவிடுவார்.

தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு கணத்தில் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பிகிட்ட சொல்லப் போறீங்களா?"

"தெரியல சார்."

"சொல்லாதீங்க. அவர் இதெல்லாம் படிக்கிறது இல்லையே. ஆறின புண்ணு, எதுக்குக் கிளறணும்? நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கீங்க."

அது அவளுக்கும் தெரியும். சொன்னால் அவன் என்ன ஆவான் என்று தெரியாது. சொல்லாவிட்டால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். பின்னறை விளக்கு எரியும். கட்டுரைக்கு 'கோள்தான்' என்று எழுதி அனுப்பினாள். இது முதலில் யார் கண்ணில் பட்டது, யார் அதைத் தள்ளினார்கள் என்பதையும் கீழே சேர்த்திருந்தாள். அந்தக் குழுவிடமிருந்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. வெளிவராத கண்டுபிடிப்பைக் குறிப்பிட வழியில்லையாம். தம்பியிடம் சொல்லாமல் நான்கு நாள் வாயைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். ஐந்தாம் நாள் காலை, முட்டை உரித்துக்கொண்டிருந்தவன், "உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றாள். "நீ சொன்னா சரி" என்றான் அவன்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. சொல்லிவிட்டாள். உட்காராமல், கையில் கரண்டியோடு, நின்ற வாக்கில் சொன்னாள்.

அவன் முட்டையைத் தட்டில் வைத்தான்.

"எவ்வளவு ஊசலாடுதாம்?"

"மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல."

"பாறையா?"

"பாறைதான்."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இருபத்தைந்து வயதில் அந்தக் கூட்டத்தில் பார்த்த முகம். அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சொன்னது நல்லதுதான் என்று ஒரு நிமிஷம் நம்பினாள். பிறகு அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போனான். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"எங்கடா கிளம்புற?"

"தெரியல. கிடங்குல மேல ஒரு ரூம் இருக்கு. இப்போதைக்கு அங்க."

"தம்பி, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடு. அடிக்கக்கூட செய். போகாத."

"கோபம் இல்லக்கா. நிஜமா இல்ல." சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னான். "நீ சொன்னது சரி, நான்தான் முட்டாள்னு நம்பினேன். அதனாலதான் இத்தனை வருஷம் உன் வீட்டுச் சோறு எனக்குத் தொண்டையில இறங்குச்சு. இனிமே இறங்காது."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுடைய முழு உடைமையும் ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அப்போ நான் கேட்டப்பவே தனித்தனியா பாத்திருந்தா, உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். பழைய அளவுகள் போதாது, அந்தக் காலத்தில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று சொல்லியிருந்தால், அவன் நம்பியிருப்பான், ஒருவேளை பெட்டியைக் கீழேகூட வைத்திருப்பான். அவள் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"ஒரு மத்தியானம்" என்றாள்.

அவன் தலையாட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.